பெத்த புள்ளைக்கு கார் ஆக்சிடென்ட்னு போன் வந்தா: நீங்க செய்ய வேண்டியது, கைய வைக்கக்கூடாதது

என் பொண்ணு போன் பண்ணப்போ நான் கேட்ட முதல் கேள்வி "வண்டிக்கு என்னம்மா ஆச்சு?" இத எழுதவே இப்பவும் கூச்சமா இருக்கு. அவளுக்கு அப்போ 26 வயசு, சிக்னல் விழுந்து வண்டிய எடுத்தவள சைடுல வந்து ஒருத்தர் இடிச்சிட்டாரு, ரெண்டு பக்கமும் உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் அவ எனக்கு பதிலே சொல்லல, போன அவங்க அம்மா கிட்ட குடுக்கச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் ஒரு அஞ்சாறு மாசம் ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், வொர்க்‌ஷாப்புன்னு அலைஞ்சதுல கத்துக்கிட்டதெல்லாம் இங்க எழுதுறேன். சின்னப் புள்ளைக்கு அடிபட்டா என்ன செய்யணும்னு நமக்கு தெரியும், தூக்கிட்டு ஓடுவோம். வளர்ந்த புள்ளைக்கு அடிபட்டாதான் கை கால் எங்க வைக்கிறதுன்னே தெரியாது. நான் கடைசில புடிச்சுக்கிட்ட வழி இதுதான்: வேலைய நாம வாங்கிக்கலாம், முடிவ அவங்க கிட்டயே விட்டுடணும்.

போன்ல பேசுற அந்த ரெண்டு நிமிஷம்

மூணே கேள்வி. உனக்கு எங்கயாவது அடிபட்டிருக்கா, நீ இப்ப எங்க நிக்கிற, கூட யாரு இருக்கா. எந்த இடம்னு சொல்லத் தெரியலன்னா போன்ல இருந்தே லொகேஷன் அனுப்பச் சொல்லுங்க, அந்த நேரத்துல தினமும் போற ரோட்டோட பேரு கூட மறந்து போகும். ஆம்புலன்ஸ், போலீஸ் ரெண்டும் கூப்பிட்டாச்சான்னு கேளுங்க, இல்லன்னா முதல்ல அத பண்ணச் சொல்லிட்டு போன வைங்க.

நல்லா நடக்க முடியுதுன்னா வண்டி ஓடுற பாதைய விட்டு ஓரமா தள்ளி நிக்கச் சொல்லுங்க, ஹசார்ட் லைட்ட போடச் சொல்லுங்க. கழுத்து வலிக்குது, கால் மரத்துப் போன மாதிரி இருக்குன்னு சொன்னா அசையாம அப்படியே இருக்கச் சொல்லுங்க, தீ புடிச்சிருக்கு, வேற வண்டி வந்து மோதிடும்னு இருந்தா ஒழிய இழுத்து வெளிய கொண்டு வர வேணாம்.

"யாரு மேல தப்பு?"ன்னு தயவு செஞ்சு கேக்காதீங்க. மனசு நோகும்ங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, அந்தப் பதட்டத்துல "எல்லாம் என் தப்புதான்ப்பா"ன்னு சத்தமா சொல்லுவாங்க, சுத்தி நாலு பேர் நிப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசா அவங்களுக்கே அப்ப தெரியாது.

தெம்பு இருந்தா போட்டோ எடுக்கச் சொல்லுங்க: ரெண்டு வண்டி நம்பர் பிளேட்டும், அடிபட்ட பக்கமும், ரோட்ல டயர் இழுத்த தடமும், சிக்னலும், எதிர்ல வந்தவரோட லைசென்சும் இன்சூரன்ஸ் பேப்பரும். பாத்தவங்க யாராவது இருந்தா அவங்க போன் நம்பர். வண்டில டேஷ்கேம் (ரோட்ட பதிவு பண்ற சின்ன கேமரா) இருந்தா மெமரி கார்ட கழட்டி பாக்கெட்ல போட்டுக்கச் சொல்லுங்க, ஏன்னா அது பழசு மேலயே புதுசா பதிஞ்சுக்கிட்டே போகும், அப்படியே விட்டா கொஞ்ச நாள்ல முக்கியமான அந்த ஒரு நிமிஷம் அழிஞ்சு போயிடலாம். பக்கத்துக் கடை, பில்டிங் கேமராவுக்கும் இதே கதைதான், நீங்க போய் கேக்கற வேலைல இத முதல்ல வைங்க.

அப்புறம் நீங்க கெளம்புறப்ப, கை நடுங்குதுன்னா நீங்க ஓட்டாதீங்க. ஒரே ராத்திரில ஒரு வீட்டுக்கு ரெண்டு ஆக்சிடென்ட் வேணாம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் டாக்டர் கிட்ட

இதுல மட்டும் நான் கொஞ்சம் கட்டாயப்படுத்துவேன். அடிபட்ட நேரத்துல உடம்புல அட்ரினலின் ஏறி இருக்கும், வலி தெரியாது. என் பொண்ணு ஸ்பாட்ல நடந்து நடந்து போட்டோ எடுத்தவ, மறுநாள் காலைல தலைகாணில இருந்து தலைய தூக்க முடியல. பின்னாடி இருந்தோ சைடுல இருந்தோ இடிக்கும்போது கழுத்து சவுக்கு மாதிரி சொடுக்கி வரும், அந்த வலி சில மணி நேரம் கழிச்சோ, மறுநாளோதான் வெளிய வரும்.

தலைல அடி இருந்தா பாக்க வேண்டியது: தலைவலி குறையாம ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறுறது, கேட்டதையே திருப்பிக் கேக்கறது, ஒரு கண்ணோட பாப்பா பெருசாவும் இன்னொண்ணு சிறுசாவும் இருக்கறது, ஒரு பக்கம் கை கால் பலம் இல்லாம போறது, வலிப்பு, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி வர்றது, எழுப்பினா எழுந்திருக்காதது. இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது, அப்பவே எமர்ஜென்சி. மூளைக்கு வெளிய ரத்தம் மெதுவா கசிஞ்சு சில நாள் கழிச்சு, ஏன் சில வாரம் கழிச்சுக் கூட தெரிய வர்றது உண்டு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி. அதனால முதல் நாள் ஸ்கேன் நார்மல்னு வந்துச்சேன்னு அடுத்த வாரம் வர்ற அறிகுறிய ஒதுக்காதீங்க.

வயித்துல சீட் பெல்ட் அழுத்தின தடம் சிவப்பாவோ நீலமாவோ இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இருந்தா டாக்டர் கிட்ட வாயத் திறந்து சொல்லணும், உள்ள குடலுக்கு அடி இருக்கலாம், அது உடனே தெரியாது. வயித்து வலி ஏறுது, வயிறு கல்லு மாதிரி இருக்கு, தலை சுத்துது, யூரின்ல ரத்தம் வருதுன்னா உடனே திரும்பப் போகணும். அடியே படாத இடது தோள்பட்டை வலிச்சா அது மண்ணீரல்ல ரத்தக் கசிவுக்கான அடையாளமாக் கூட இருக்கலாம், இது டாக்டர் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

தலைல அடிபட்டவங்கள தூங்க விடக்கூடாதுன்னு ராத்திரி பூரா உலுக்கி உலுக்கி எழுப்புவாங்க நம்ம ஆளுங்க. டாக்டர் பாத்து வீட்டுக்கு அனுப்பிட்டா, தெளிவா பேசிக்கிட்டு இருந்தா, தூங்கலாம், தூக்கம் நல்லதுதான். முதல் நாள் ராத்திரி தனியா விடாம யாராவது ஒருத்தர் கூட இருந்தா போதும், நடுவுல எழுப்பிப் பாக்கணுமா வேணாமான்னு டிஸ்சார்ஜ் பண்ற டாக்டர் கிட்டயே கேட்டுக்குங்க.

ஆஸ்பத்திரில உங்களுக்கு ஒரு அடி விழும், தயாரா இருங்க. "பேஷன்ட் மேஜர், அவங்க சம்மதம் இல்லாம சொல்ல மாட்டோம்"னு சொல்லலாம். பெத்தவன் கிட்டயே சொல்ல மாட்டியான்னு கவுண்டர்ல சண்டை போடாதீங்க (நான் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல, அவ உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா). புள்ள பேசற நிலைல இருந்தா "எங்க அப்பா அம்மா கிட்ட சொல்லலாம்"னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, முடிஞ்சா எழுதி கையெழுத்து. டாக்டர் ரூமுக்குள்ள "நான் வரட்டுமா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு போங்க. டாக்டர் அவங்கள கேக்கற கேள்விக்கு நீங்க முந்திக்கிட்டு பதில் சொல்லாதீங்க.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஒரு நோட்டு வாங்குங்க. போன்ல ஆப் இருக்கேன்னு சொல்லாதீங்க, நோட்டுதான், யாரு வேணா எடுத்து எழுதற மாதிரி. இடது பக்கம் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எங்க எவ்வளவு வலி. வலது பக்கம் யார் கிட்ட பேசினோம், என்ன சொன்னாங்க, தேதி, நேரம், பேரு, க்ளெய்ம் நம்பர். மூணு மாசம் கழிச்சு "எப்ப இருந்து முதுகு வலி?"ன்னு ஒருத்தர் கேப்பாரு, அப்ப இந்த நோட்டு பேசும்.

மாத்திரைல ஒரு விஷயம். பாரசிட்டமால் பல பேர்ல இருக்கு, வலி மாத்திரைல ஒண்ணு, சளி மாத்திரைல ஒண்ணுன்னு தெரியாம ரெண்டா போகும். பெரியவங்களுக்கே 24 மணி நேரத்துல 4 கிராமுக்கு மேல போகக்கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8, ஈரல் பிரச்சனையோ எடை கம்மியோ இருந்தா அதவிடக் கம்மி. தலைல அடின்னா இபுப்ரோஃபன், ஆஸ்பிரின் வகைய டாக்டர கேக்காம குடுக்காதீங்க, ரத்தக் கசிவ கூட்டலாம். உங்க தூக்க மாத்திரைய "பாவம் தூங்கட்டும்"னு பாதி ஒடிச்சு குடுக்கறது இருக்கே, அது கூடவே கூடாது. மயக்கம் மாத்திரையால வந்ததா தலை அடியால வந்ததான்னு யாருக்கும் தெரியாம போயிடும்.

தலைல லேசா அடிபட்டு மூளை அதிர்ச்சின்னு சொல்லி அனுப்பினாங்கன்னா முதல் 24ல இருந்து 48 மணி நேரம் ஓய்வு, போன், டிவி, லேப்டாப் எல்லாம் ரொம்ப கம்மி. அதுக்கப்புறமும் இருட்டு ரூம்ல படுக்க வைச்சிடாதீங்க, மெல்ல நடக்கறது, சின்னச் சின்ன வேலைன்னு கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், தலைவலி ஏறினா ஒரு படி குறைச்சுக்கணும். கழுத்து வலிக்கும் அதேதான், எலும்பு உடையலன்னு டாக்டர் சொல்லிட்டா காலர மாட்டிக்கிட்டு அசையாம கெடக்கறத விட சொல்லிக் குடுத்த மாதிரி மெதுவா அசைக்கறதுதான் சீக்கிரம் சரியாக்கும்.

கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தா கட்டை வைச்சு நடக்கறத ஆஸ்பத்திரிலயே ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்க. அக்குளுக்கும் கட்டையோட மேல் திண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நுழையற இடம் இருக்கணும், உடம்போட பாரம் கைலதான் இறங்கணும், அக்குள்ல தொங்கினா நரம்பு அழுந்தி கை மரத்துப் போகும். ரொம்ப நாள் கால அசைக்காம இருந்தா ஆடுசதை வீங்கி சூடா வலிக்குதான்னு கவனிங்க, கூடவே திடீர்னு மூச்சு வாங்கினா அது காலு பிரச்சனை இல்ல, ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ஆம்புலன்ஸ்தான்.

குளிக்கறது, பாத்ரூம் போறது. இதுலதான் ரெண்டு பேருக்கும் சங்கடம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கால் வழுக்காம ஒரு மேட், கதவ உள்ள தாழ் போடாம சாத்திக்கறது, வெளிய நீங்க நிக்காம கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கறது. யாரு உதவி பண்ணனும்னு அவங்களையே கேளுங்க. என் பொண்ணு அவ ஃபிரண்ட தான் கேட்டா, அவங்க அம்மாவுக்கு அதுல ஒரு வருத்தம், ரெண்டு நாள்ல சரியாப் போச்சு.

மூணாவது நாள் அவ தலை வாரிக்கிட்டு இருக்கறப்ப சீப்புல இருந்து டக்குனு ஏதோ தரைல விழுந்துச்சு. கார் சைடு கண்ணாடித் துண்டு, உப்புக்கல்லு மாதிரி. ரெண்டு தடவை தலைக்குக் குளிச்சும் அது அங்கயே இருந்திருக்கு. அத கைல வைச்சுப் பாத்துக்கிட்டே அப்பதான் முதல் முதலா அழுதா. நான் "எல்லாம் முடிஞ்சு போச்சும்மா"ன்னு ஆரம்பிச்சேன், அவங்க அம்மா என்ன ஒரு பார்வை பாத்தாங்க, நான் வாய மூடிக்கிட்டு தலைகாணி உறைய கழட்டி வெளிய உதறப் போனேன். அன்னைக்கு நான் செஞ்ச உருப்படியான வேலை அதுதான்.

மனசு

தூக்கத்துல அலறி எழுந்திருக்கறது, பிரேக் சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப் போடறது, காரணமே இல்லாம எரிஞ்சு விழறது, இதெல்லாம் முதல் சில வாரம் வரும், பெரும்பாலானவங்களுக்கு தானா குறையும். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு, சொன்னாதான் பாரம் குறையும்"னு தோண்டாதீங்க. அப்படி வற்புறுத்தி பேச வைக்கறது நல்லது பண்ணாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அவங்க 2011ல வெளியிட்ட மனநல முதலுதவி முறையோட சாரம் பாரு, கேளு, உதவி கிடைக்கற இடத்தோட சேத்து விடு, அவ்வளவுதான். அவங்களா பேசினா கேளுங்க. வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் கதைய முதல்ல இருந்து சொல்ல வைக்காதீங்க, அத நீங்களே ரெண்டு வரில சொல்லி முடிச்சு அனுப்புங்க.

ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, அந்த ரோட்ட சுத்திக்கிட்டு போறது, யாரோடயும் ஒட்டாம இருக்கறது குறையலன்னா அது பயந்த சுபாவம் இல்ல, பிடிஎஸ்டியா, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பிரச்சனையா இருக்கலாம், அதுக்கு பேச்சு மூலமா குடுக்கற நல்ல சிகிச்சை இருக்கு. கூட வந்தவங்க யாராவது இறந்திருந்தாலோ, சாகணும்கற பேச்சு வந்தாலோ ஒரு மாசமெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

பேப்பர் வேலை

இங்க நீங்க தாராளமா இறங்கலாம், ஏன்னா அடிபட்டவங்களுக்கு ஃபார்ம் ஃபில்லப் பண்ற தெம்பு இருக்காது. ஒவ்வொரு பேப்பரையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டர்ல போடுங்க: போலீஸ் ரிப்போர்ட், ஸ்கேன், பில், மருந்துச் சீட்டு, போக வர ஆன டாக்சி செலவு, வேலைக்குப் போகாத நாளுக்கு டாக்டர் சர்டிபிகேட். இன்சூரன்ஸ்க்கு சீக்கிரமா தகவல் சொல்லிடுங்க, லேட்டாக்கினா அதையே காரணமா காட்டுவாங்க. பாலிசி யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும், கார் உங்க பேர்ல இருந்தா அது நீங்கதான்.

வண்டிய வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, இன்சூரன்ஸ்ல இருந்து டேமேஜ் பாக்க வர்றவர் பாக்கட்டும். வண்டிக்குள்ள இருக்கற பேக், சாவி, டோல் ஸ்டிக்கர், குழந்தை சீட் எல்லாம் எடுத்துடுங்க. ரிப்பேர் பில்ல பாக்கறப்ப ஏர்பேக் ஒரு தடவை வெடிச்சா திரும்ப மடிச்சு வைக்கறது கிடையாது, புதுசுதான் போடணும், அதே மாதிரி பலமா இழுத்த சீட் பெல்ட்டும் மாத்தணும், அது லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. பேரக்குழந்தைக்கு வைச்சிருந்த சீட்டும் பெரிய அடி வாங்கியிருந்தா, வெளிய பாக்க நல்லா இருந்தாலும் மாத்தணும். வண்டி டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்ணி பிரயோஜனம் இல்லன்னு சொன்னா நீங்க வாங்கின விலைய எதிர்பாக்காதீங்க, பொதுவா பாலிசில எழுதியிருக்கற மதிப்பையோ, ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி அந்த வண்டிக்கு மார்க்கெட்ல இருந்த மதிப்பையோ ஒட்டித்தான் கணக்கு போடுவாங்க, லோன் இருந்தா முதல் பங்கு பேங்குக்குப் போகும்.

எதிர் பார்ட்டியோட இன்சூரன்ஸ் ஆளு ரொம்ப இனிமையா போன் பண்ணுவாரு. "ஒரு சின்ன கையெழுத்து, இந்த வாரமே பணம் அக்கவுன்ட்ல ஏறிடும்"பாரு. ஃபுல் அண்ட் ஃபைனல்னு போட்ட பேப்பர்ல கையெழுத்து போட்டா அதுக்கப்புறம் முட்டில ஆபரேஷன் வேணும்னு தெரிஞ்சாலும் பொதுவா திரும்பக் கேக்க முடியாது. உடம்பு இதுக்கு மேல இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்ற வரைக்கும் பொறுக்கறதுதான் புத்திசாலித்தனம், ஆனா கேஸ் போட, க்ளெய்ம் பண்ண காலக்கெடு உண்டு, அத மட்டும் ஒரு வக்கீல் கிட்ட முன்னாடியே கேட்டு நோட்டுல பெருசா எழுதி வைங்க. அதே சமயம் சோஷியல் மீடியால ஆக்சிடென்ட் பத்தி யாரும் எதுவும் போட வேணாம், நீங்களும் தான், "கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல"ன்னு ஃபேமிலி குரூப்ல போட்ட மெசேஜ் கூட சுத்தி சுத்தி எங்கயோ போய் நிக்கும்.

பணம் குடுக்கறீங்கன்னா கடனா, சும்மாவான்னு குடுக்கறப்பவே சொல்லிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கோவத்துல "அன்னைக்கு நான்தான கட்டினேன்"னு வந்துடும்.

தப்பு உங்க புள்ள மேலன்னா

குடிச்சிருந்தாலோ, போன் பாத்துக்கிட்டு ஓட்டியிருந்தாலோ, எதிர்ல ஒருத்தருக்கு பலமா அடின்னாலோ உங்களுக்கு முதல்ல தோணுற எண்ணம் "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்"ங்கறதுதான். பாசம்தான், புரியுது. ஆனா அது போலீஸ் கிட்ட சொல்ற பொய், இன்சூரன்ஸ்ல மோசடி, கேமரா காலத்துல ரெண்டு நாள் கூட நிக்காது, அதுக்கப்புறம் ஒரு கேசுக்கு பதிலா ரெண்டு பேர் மேல கேஸ். மெமரி கார்ட தொலைச்சிடறேன், வண்டிய ராவோட ராவா ரிப்பேர் பண்ணிடறேன், இதெல்லாமும் அதே வகைதான். வக்கீல புடிங்க, அவர் சொல்ற வரைக்கும் எதிர் பார்ட்டி வீட்டுக்குப் போய் நீங்களா பேரம் பேசாதீங்க. திட்டறதுக்கு நேரம் நெறைய இருக்கு, இப்ப வேணாம்.

புள்ள வெளியூர்ல, வெளிநாட்டுல இருந்தா

உடனே டிக்கெட் போடறதா வேணாமான்னு அவங்கள கேளுங்க, முதல் ரெண்டு நாள விட ஃபிரண்ட்ஸ் எல்லாம் வேலைக்குத் திரும்பிப் போற ரெண்டாவது வாரம்தான் ஆள் தேவைப்படும். அது வரைக்கும் அங்க இருக்கற ஒரே ஒரு ஃபிரண்ட புடிச்சுக்குங்க, பத்து பேருக்கு போன் பண்ணாதீங்க. ஃபார்ம், ஈமெயில், இன்சூரன்ஸ் கால் எல்லாம் தூரத்துல இருந்தே பண்ணலாம், அதுக்கும் அவங்க எழுதிக் குடுத்த அனுமதி வேணும். பேச முடியாத நிலைன்னா உங்க நாட்டோட தூதரகத்துக்கு தகவல் சொல்லுங்க.

திரும்ப ஸ்டியரிங் புடிக்கறது

தலைல அடின்னா டாக்டர் ஓகே சொல்லணும், மயக்கம் தர்ற வலி மாத்திரை சாப்பிடற வரைக்கும் கூடாது, இது பேசி முடிவு பண்ற விஷயமே இல்ல. மத்தபடி எப்பன்னு அவங்க சொல்லட்டும். "இனிமே நீ ஓட்டவே வேணாம்"னும் சொல்லாதீங்க, "பயத்த இப்பவே உடைக்கணும்"னு மறுநாளே சாவியையும் நீட்டாதீங்க. நாங்க பண்ணது: முதல் நாள் எஞ்சின் ஆன் பண்ணாம சும்மா சீட்ல உக்காந்தா. அப்புறம் வீட்டு வாசல்ல இருந்து தெருமுனை வரைக்கும். அப்புறம் கூட்டம் இல்லாத ரோடு. அந்த சிக்னலுக்கு வர ஏழு வாரம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை பாதிலயே வண்டிய ஓரங்கட்டிட்டு வந்த வழியே திரும்பிட்டோம்.

பக்கத்து சீட்ல உக்கார்றவங்களுக்கு ஒரே வேலை, சும்மா இருக்கறது. நான் வாய இறுக்கி மூடிக்கிட்டுதான் இருந்தேன், ஒரு சத்தமும் போடல. சிக்னல் பச்சைக்கு மாறுச்சு, அவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு மெதுவா எடுத்தா, ரோட்ட விட்டு கண்ண எடுக்காமலே சொன்னா: "அப்பா, அங்க பிரேக் இல்ல. கால எடுங்க."